பெட்ரோல் பங்க்கில் காசை விடும் இடங்கள்

சென்னையில் வண்டி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் பெட்ரோல் போட ஒரு யோசனை சொல்வார்கள். விடியற்காலையில் போடு, 100, 200 என்று கேட்காதே, 110, 210 என்று கேள். இவற்றைக் கடைப்பிடித்து மிச்சமாவது சில்லறைதான். நிஜமாகவே பணம் போகும் இடங்கள் வேறு. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம்.

சூட்டில் பெட்ரோல் விரியும், விடியற்காலைக் குளிரில் அதே லிட்டருக்குள் கொஞ்சம் கூடுதலாக அடங்கும் என்பது உண்மைதான். ஒரு டிகிரி ஏறினால் அளவு சுமார் 0.1 சதவீதம் கூடும். ஆனால் பங்க்கில் பெட்ரோல் இருப்பது தரைக்கு அடியில் புதைத்த தொட்டியில். மேலே கத்திரி வெயில் கொளுத்தினாலும் காலைக்கும் மத்தியானத்துக்கும் உள்ளே பெரிய மாற்றம் இருக்காது. மூன்று டிகிரி ஏறியது என்றே வைத்தாலும் 5 லிட்டருக்கு 15 மில்லி, ஒன்றரை ரூபாய். அவ்வளவுதான்.

100, 200 என்ற தொகைகளுக்கு மட்டும் குறைவாக ஊற்றும்படி மெஷினை மாற்றி வைத்திருப்பார்கள் என்ற பயத்தில் வந்த 110 கணக்கும் அப்படித்தான். அளவில் கை வைத்த மெஷின் 110-க்கும் குறைத்து ஊற்றலாம். பார்க்க வேண்டியது ஜீரோவை.

அதுவும் ஆரம்பத்தில் ஒரு தடவை பார்த்தால் போதாது. 500 ரூபாய்க்குப் போடச் சொல்கிறீர்கள். பம்ப் 200-ல் நின்றுவிடுகிறது. "சார், 200-ன்னு காதுல விழுந்துச்சு, மீதிய இப்பப் போட்டுடுறேன்" என்கிறார் ஊழியர். அதே நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் "கார்டா, ஜிபேயா?" என்று கேட்க, நீங்கள் அந்தப் பக்கம் திரும்புகிறீர்கள். மெஷினை ஜீரோவுக்குக் கொண்டுவராமலே நாசிலை அழுத்துகிறார். மீட்டர் 200-லிருந்து ஓடி 300-ல் நிற்கிறது. முதலில் 200, இப்போது 300 என்று நினைத்து நீங்கள் 500 கொடுக்கிறீர்கள். டேங்க்குக்குள் போனது 300 ரூபாய் பெட்ரோல்தான். ஒரே நிமிஷத்தில் 200 ரூபாய் போயிற்று. அதனால் பெட்ரோல் போட்டு முடிக்கும்வரை கண் மீட்டரிலேயே இருக்கட்டும், பணம் எடுப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். காரில் வந்தாலும் இறங்கி நில்லுங்கள். நடுவில் நின்றால், மறுபடி ஜீரோ வந்த பிறகு போடச் சொல்லுங்கள். "ஜீரோ பாத்துக்கோங்கண்ணே" என்று தாமாகவே சொல்லிப் போடும் ஊழியர்கள்தான் அதிகம். அப்படிச் சொல்லும்போது தலையை மட்டும் ஆட்டாமல் உண்மையிலேயே பாருங்கள்.

அளவில் சந்தேகம் வந்தால் முணுமுணுத்துவிட்டுக் கிளம்புவதுதான் நாம் செய்யும் அடுத்த தவறு. முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலம் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். அதில் ஊற்றிக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 5 லிட்டருக்கு 25 மில்லி வரை கூடக்குறைய இருக்கலாம். அதற்கு மேல் குறைந்தால் புகார் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் எடையளவு விஷயங்களைத் தொழிலாளர் துறைதான் பார்க்கிறது. புகாருக்கு பில் வேண்டும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோலின் தரத்தைப் பார்க்க ஃபில்டர் பேப்பர் கேட்டாலும் காசு வாங்காமல் தர வேண்டும்.

நாசில் 'டக்' என்று தானாக நின்ற பிறகும் கழுத்துவரை ஊற்றச் சொல்லும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. பெட்ரோல் விரிய டேங்க்கில் இடம் வேண்டும். வெயிலில் நிறுத்தினால் மிச்சம் வழிந்து போகலாம். 2020-க்குப் பிறகு பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகளில் இன்னொரு சிக்கல். பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பா ஒன்று அவற்றில் உண்டு. அதற்குள் பெட்ரோலே இறங்கினால் அது கெட்டுப்போகும், மாற்றும் செலவு நம் தலையில். இதற்கு நேர் எதிராக, எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுவதும் நல்லதில்லை. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் டேங்க்குக்குள் இருக்கும் மோட்டாரைக் குளிரவைப்பது அந்த பெட்ரோல்தான்.

"சாதாவா, பவரா?" என்று கேட்டால், வண்டி மேனுவலில் சொல்லாதவரை சாதாவே போதும். உயர்ந்த ஆக்டேன் (இன்ஜினுக்குள் நேரத்துக்கு முன்பே எரிந்துவிடாமல் தாங்கும் திறன்) என்பது அதற்கென்று வடிவமைத்த இன்ஜினுக்கு. ஆபீசுக்குப் போய்வரும் 110 சிசி வண்டியில் அதற்காகக் கூடுதல் காசு கொடுத்து மைலேஜ் ஏறாது.

காற்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பங்க்கில் காற்று இலவசம், ஆனாலும் முக்கால்வாசிப் பேர் பெட்ரோலைப் போட்டுக்கொண்டு நேராக வெளியே போய்விடுகிறார்கள். காற்று குறைந்த டயரை உருட்ட இன்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டும். காற்றும் குறைந்து, ஏர் ஃபில்டரும் அடைத்து, 50 கொடுத்த வண்டி 45 கொடுக்கிறது என்று வையுங்கள். மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 20 லிட்டர் ஆவது 22 லிட்டரைத் தாண்டும். 220 ரூபாய், மாதாமாதம். விடியற்காலையில் எழுந்து பிடிக்கும் ஒன்றரை ரூபாயை இதோடு வைத்துப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு தடவை, வீட்டுக்குப் பக்கத்து பங்க்கில், டயர் சூடேறும் முன்பே காற்றைப் பார்த்துவிடுங்கள். எத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்பது வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே இருக்கும். நந்தனம் மாதிரி நீண்ட சிக்னல்களில் இன்ஜினை அணைப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

கிரெடிட் கார்டு தேய்ப்பவர்கள் பில்லோடு மாதாந்திர ஸ்டேட்மென்டையும் பாருங்கள். பெட்ரோலுக்குப் பொதுவாக 1 சதவீத சர்சார்ஜ் பிடிப்பார்கள். பல கார்டுகளில் அது திரும்ப வரும், ஆனால் பொதுவாக 400 ரூபாய்க்குக் குறைவாகப் போட்டால் வராது. அதன் மேல் பிடித்த ஜிஎஸ்டியும் பெரும்பாலும் வராது. 200, 300 என்று போடுபவர்களுக்கு யுபிஐ நல்லது.

கடைசியாக, பாண்டிச்சேரி. அங்கே வரி குறைவு என்பதால் லிட்டருக்குச் சில ரூபாய் குறையும். ஈசிஆரில் எப்படியும் அங்கே போகிறீர்கள் என்றால், போகும்போது தேவையான அளவு மட்டும் போட்டுக்கொண்டு, திரும்பும்போது அங்கே ஃபுல் டேங்க் போடுங்கள். அதற்காகவே போவதில் அர்த்தமில்லை. போக வர 300 கிலோமீட்டர், 50 மைலேஜ் வண்டிக்கே 6 லிட்டர் குடிக்கும். பத்து பைசா குறைவு என்று ஊருக்குள்ளேயே நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பங்க்கைத் தேடிப் போவதற்கும் இதே கணக்குதான்.