கைனசின் ஒரு குட்டி மனிதன் அல்ல: மோட்டார் புரதங்களைப் பற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக 2006இல் செய்யப்பட்ட அந்த அனிமேஷன் துண்டை உயிரியல் படிக்கும் யாரும் எங்காவது பார்த்திருப்பார்கள். பெரிய உருண்டை ஒன்றைச் சுமந்துகொண்டு, காலை மாற்றி மாற்றி வைத்து, செல்லுக்குள் தண்டவாளம்போல ஓடும் நுண்குழல் மேல் ஆற அமர நடந்துபோகும் கைனசின், அதாவது செல்லுக்குள் சரக்கு சுமக்கும் ஒரு மோட்டார் புரதம். அழகான படம்தான். ஆனால் அதைப் பார்த்ததும் கைனசினை ஒரு குட்டி மனிதனாக நினைத்துவிடுகிறோம். விடைத்தாளில் வரும் தவறுகள் பலவும் அங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் அந்த நிதானம். செல்லின் எரிபொருளான ஏடிபி தாராளமாகக் கிடைத்தால் கைனசின்-1 நொடிக்கு ஏறக்குறைய 100 அடி வைக்கும். ஓர் அடி 8 நானோமீட்டர், அதாவது நுண்குழலைக் கட்டும் புரதமான டியூபுலினின் ஓர் இணையின் நீளம். அந்த நொடியில் பெரும்பகுதி வேதிவினைக்காகக் காத்திருப்பதிலேயே போய்விடும். அடி வைப்பது கண நேர வேலை. சுற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடித்துத் தள்ள, விடுபட்ட தலை (படத்தில் காலாகத் தெரிவதுதான் தலை) தாறுமாறாக ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்தை முன்பக்கமாகச் சாய்த்துவிடுவதுதான் புரதத்தின் சாமர்த்தியம். இந்த அளவில் உந்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏடிபி தீர்ந்தால் சறுக்கிக்கொண்டு போகாது, அங்கேயே நின்றுவிடும்.

அப்புறம், 8-ஆ 16-ஆ என்ற குழப்பம். இரண்டும் சரி. மூலக்கூறின் நடுப்பகுதி ஓர் அடிக்கு 8 நானோமீட்டர் நகர்கிறது. பின்னால் இருந்த தலையோ முன்தலையைத் தாண்டிப் போய் அமர்வதால் சுமார் 16 நானோமீட்டர் கடக்கிறது. 2004இல் ஒரு தலையில் மட்டும் ஒளிரும் சாயத்தைப் பொருத்திப் பார்த்தபோது, ஒரு முறை பெரிய தாவல், அடுத்த முறை அசைவே இல்லை என்று மாறி மாறி வந்தது. இரு தலைகளும் முறைவைத்து முன்னேறுகின்றன என்பதற்கு அது நேரடிச் சான்று.

அதிகம் பேர் சறுக்கும் இடம் ஏடிபி. 'ஏடிபி உடைகிறது, அந்த விசையில் கால் முன்னே போகிறது' என்று எழுதிவிடுவார்கள். பெரும்பாலும் இது தசையில் உள்ள மையோசின் என்ற மோட்டாரைப் படித்த பழக்கம். அங்கே பாஸ்பேட் வெளியேறுவதை ஒட்டித்தான் விசை வீச்சு வருகிறது. கைனசினில் வரிசை வேறு. முன்தலையில் ஏடிபி வந்து அமர்ந்ததுமே அதன் கழுத்து இணைப்பு (தலையை உடலோடு சேர்க்கும் சிறு பட்டை) தலையோடு ஒட்டி முன்நோக்கித் திரும்புகிறது, பின்தலை முன்னே வீசப்படுகிறது. ஏடிபி உடைவது அதற்குப் பிறகு. உடைந்து பாஸ்பேட் போனால்தான் அந்தத் தலை நுண்குழலை விட்டுப் பிடி தளரும். இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் பிடியை விடாமல் பார்த்துக்கொள்வது இந்த ஒழுங்குதான். இன்னொன்று, மையோசின் நகர்வது ஆக்டின் இழையில். அதை நுண்குழல் மேல் ஏற்றி வரையாதீர்கள்.

நுண்குழலின் 'பிளஸ் முனை, மைனஸ் முனை' மின்னூட்டம் அல்ல. வேகமாக வளரும் முனை பிளஸ், அவ்வளவுதான். அங்கே வெளியே தெரிவது பீட்டா டியூபுலின்.

பெரும்பாலான கைனசின்கள் பிளஸ் முனைக்குப் போகும், டைனீன் என்ற இன்னொரு மோட்டார் மைனஸ் முனைக்குப் போகும். 'கைனசின் வெளியே போகும், டைனீன் உள்ளே வரும்' என்ற மனப்பாட வரி, பிளஸ் முனைகள் வெளிநோக்கி இருக்கும் ஆக்சானுக்கு (நரம்பு செல்லின் நீண்ட இழைக்கு) சரி. அதே செல்லின் குட்டையான கிளைகளான டென்ட்ரைட்டுக்கு வந்தால் இடறும். முதுகெலும்பிகளின் டென்ட்ரைட்டில் நுண்குழல்கள் இரு திசையிலும் கலந்து கிடக்கும். கைனசின்-14 மைனஸ் முனை நோக்கிப் போகும். கைனசின்-13 நடப்பதே இல்லை, நுண்குழலின் முனையைப் பிரித்தெடுப்பதுதான் அதன் வேலை. டைனீனும் கழிவை மட்டும் சுமப்பதில்லை. நரம்பு முனையிலிருந்து செல் உடலுக்கு வரும் வளர்ச்சிச் செய்திகளும் அதன் மேல்தான் வருகின்றன. ஹெர்பிஸ் வைரசும் அதில் தொற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது.

'ஒரு சரக்குக்கு ஒரு மோட்டார்' என்பதையும் விட்டுவிடலாம். தனி கைனசின் சராசரியாக ஒரு மைக்ரோமீட்டர் போனதும் கழன்றுவிடும். முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை ஓடும் ஆக்சானோ ஒரு மீட்டர் இருக்கும். சரக்கை அடைத்த ஒரே நுண்பையில் கைனசின்களும் டைனீன்களும் சேர்ந்தே ஒட்டியிருக்கின்றன. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ரூப் மல்லிக்கின் குழு 2013இல் காட்டியது சுவாரசியமானது. தனியே பலவீனமான டைனீன், கூட்டமாக இழுக்கும்போது பளுவை நன்றாகப் பகிர்ந்துகொள்கிறது. தனியே பலசாலியான கைனசினுக்கு அந்தக் கூட்டு வேலை அவ்வளவாக வருவதில்லை.

கடைசியாக மருந்துகள். கால்ச்சிசின் மோட்டாரை நிறுத்துகிறது என்று எழுதினால் தப்பு. நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் இந்த நஞ்சு ஒட்டிக்கொள்வது டியூபுலினில். நுண்குழல் கட்டப்படுவதையே அது தடுக்கிறது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் பாக்லிடாக்சல் அதற்கு நேரெதிர், நுண்குழலைக் கலையவிடாமல் இறுக்கிவிடும். அந்த மருந்து எடுப்பவர்களுக்குக் கை கால் நுனிகள் மரத்துப்போவதற்கு, மிக நீண்ட ஆக்சான்களில் இந்தப் போக்குவரத்து கெடுவதும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.