கேப்ஸ் லாக் விசையைக் கன்ட்ரோலாக மாற்றுவது எப்படி?

நகலெடுக்க, ஒட்ட, சேமிக்க, செய்ததைத் திரும்பப் பெற என்று எதற்கெடுத்தாலும் கன்ட்ரோல் விசையைத்தான் அழுத்துகிறோம். ஆனால் அது விசைப்பலகையின் இடது கீழ் மூலையில் இருப்பதால், சுண்டுவிரலை மடக்கியோ மணிக்கட்டை வளைத்தோதான் ஒவ்வொரு முறையும் அதை எட்ட வேண்டியிருக்கிறது. 'ஏ' விசைக்குப் பக்கத்திலேயே அகலமாக இடம்பிடித்திருக்கும் கேப்ஸ் லாக்கோ பெரும்பாலும் கைதவறித்தான் அழுத்தப்படுகிறது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லாத தமிழில் எழுதுவோருக்கு அதன் தேவை இன்னும் குறைவு. 1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியின் விசைப்பலகையில் அந்த இடத்தில் கன்ட்ரோல்தான் இருந்தது என்பதால், நாம் செய்யப்போவது புதுமையும் அல்ல.

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் இதற்கு எளிய கருவி, மைக்ரோசாஃப்ட் இலவசமாக வழங்கும் பவர்டாய்ஸ். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் அந்தப் பெயரைத் தேடி நிறுவிக்கொள்ளுங்கள். தொடர்வதற்கு முன் கேப்ஸ் லாக் விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். ஏனெனில் மாற்றிய பின் அதை அணைக்க அந்த விசை உதவாது.

பவர்டாய்ஸ் அமைப்புகளைத் திறந்து, இடப்பக்கப் பட்டியலில் 'கீபோர்ட் மேனேஜர்' என்பதைத் தேர்ந்து, அதை இயக்க நிலைக்குக் கொண்டுவாருங்கள். அடுத்து 'ரீமேப் எ கீ' என்பதை அழுத்தினால் வரும் சாளரத்தில் புதிய வரி ஒன்றைச் சேர்க்க வேண்டும். இடப்பக்கம் நீங்கள் விரலால் அழுத்தும் விசையான கேப்ஸ் லாக்கையும், வலப்பக்கம் கணினிக்குப் போய்ச் சேர வேண்டிய விசையான இடது கன்ட்ரோலையும் தேர்ந்தெடுங்கள். புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான்: இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் கன்ட்ரோல் கேப்ஸ் லாக்காகிவிடும். (பதிப்புக்குப் பதிப்பு இந்தச் சாளரத்தின் தோற்றமும் பெயர்களும் சற்று மாறலாம்.) 'ஓகே' கொடுத்ததும், கேப்ஸ் லாக்கிற்கு இனி எந்த விசையும் இல்லை என்று ஓர் எச்சரிக்கை வரும், அதைத்தான் நாமும் விரும்புகிறோம் என்பதால் தயங்காமல் தொடரலாம். மறுதொடக்கம் தேவையில்லை. நோட்பேடில் ஒரு வரி எழுதி, கேப்ஸ் லாக்குடன் 'ஏ'வை அழுத்தும்போது வரி முழுவதும் தேர்வானால் வேலை முடிந்தது.

இந்த முறையின் குறைகளையும் அறிந்திருப்பது நல்லது. பவர்டாய்ஸ் பின்னணியில் இயங்கும்போது மட்டுமே மாற்றம் செயல்படும். எனவே கணினி தொடங்கும்போதே அதுவும் தொடங்கும்படி அதன் பொது அமைப்புகளில் குறித்துவையுங்கள். கடவுச்சொல் கேட்கும் நுழைவுத் திரையில் பழைய கேப்ஸ் லாக்கே இருக்கும். அங்கே அது தவறுதலாக இயங்கி, உள்ளே வந்த பிறகும் எல்லாம் பெரிய எழுத்தாகவே விழுந்தால், கீபோர்ட் மேனேஜரைச் சற்று நிறுத்தி, கேப்ஸ் லாக்கை ஒருமுறை அழுத்திவிட்டு மீண்டும் இயக்குங்கள். நிர்வாகி உரிமையுடன் திறந்த நிரல்களில் மாற்றம் செயல்படவில்லையென்றால், பவர்டாய்ஸையும் அதே உரிமையுடன் இயக்க வேண்டும்.

மேக்கில் தனிக் கருவி எதுவும் வேண்டாம். கணினி அமைப்புகளில் கீபோர்ட் பகுதிக்குள் சென்று, விசைக் குறுக்குவழிகளுக்குள் உள்ள 'மாடிஃபையர் கீஸ்' என்ற இடத்தில் மாற்றலாம்; ஆனால் அங்கே நகலெடுக்கவும் ஒட்டவும் பயன்படுவது கமாண்ட் விசை என்பதால், கேப்ஸ் லாக்கிற்கு அதையே ஒதுக்குவது பொருத்தம். லினக்ஸின் டெஸ்க்டாப் சூழல்களில் கேடிஇ பயன்படுத்துவோர் விசைப்பலகை அமைப்புகளிலும், க்னோம் பயன்படுத்துவோர் ட்வீக்ஸ் கருவியிலும் இதே தெரிவைக் காணலாம்.

ஒரே நாளில் ஐந்தாறு விசைகளை இடம்மாற்றும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். இந்த ஒரு மாற்றம் கைக்குப் பழகிய பிறகு அடுத்ததை யோசிக்கலாம். அலுவலகத்திலோ வீட்டிலோ ஒரே கணக்கைப் பலர் பயன்படுத்தினால், மாற்றத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. பிடிக்கவில்லையென்றால், அதே சாளரத்தில் அந்த வரியை நீக்கி 'ஓகே' கொடுத்தவுடன் கேப்ஸ் லாக் பழையபடி இயங்கும்.