பாரா முடிந்தால் வீட்டுக்குப் போங்கள்

நீலகிரிக்கு மாற்றலாகி வரும் காவலர் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது குளிரைப் பற்றித்தான். அதற்கு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போதும். 26 வருடம் சிறைக் காவலராக இருந்தவன் சொல்கிறேன், ஆளைத் தின்பது கணக்கு.

மாலையில் கைதிகளை எண்ணி அறையில் அடைக்கும் லாக்கப்பில் ஒரு தலை குறைந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும். ஒரு மழை நாளில் எனக்கு 31-க்கு 30 வந்தது. மூன்று முறை எண்ணியும் அதே 30. கடைசியில் பார்த்தால் ஒருவன் சமையல்கட்டில் அண்டா கழுவிக்கொண்டிருந்தான். கணக்கு இடித்தால் உடனே திரும்ப எண்ணாதீர்கள். பதற்றத்தில் எண்ணுகிறவன் விட்ட இடத்திலேயே மறுபடியும் விடுவான். கூட இருப்பவரைப் பதிவேட்டிலிருந்து பெயர் பெயராக வாசிக்கச் சொல்லுங்கள், நீங்கள் முகத்தைப் பாருங்கள்.

பாரா, அதாவது காவல் முறை, மாற்றும்போது சாவியை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். யார் சாப்பிடவில்லை, யாரை மனு போட்டுப் பார்க்க வீட்டு ஆள் வரவில்லை, யாருடைய ஜாமீன் தள்ளுபடியானது என்பதை வாயால் சொல்லிவிட்டு வாருங்கள். ஓர் உயிர் பிழைக்கலாம். சொல்லாவிட்டால் அது ராத்திரி முழுக்க உங்கள் தலையில்தான் ஓடும்.

நேராக வீட்டுக்கும் போகாதீர்கள். ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி டீயில் வர்க்கியைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு நடங்கள். நான் அப்படிச் செய்யாத காலத்தில் சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து வீட்டு ஆட்களை விரல் விட்டு எண்ணுவேனாம். "அம்மா, அப்பா லாக்கப் பண்ணுறார்" என்று மகள் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

கைதிகளைவிட மேலதிகாரியின் ஏச்சும் கிடைக்காத லீவும்தான் பலரை உடைக்கிறது. லீவை வாய்வார்த்தையில் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். நம் வேலை கடினமானது, அதற்கேற்ற சம்பளமும் பணிச் சூழலும் வேண்டும் என்று 2015-ல் ஐ.நா. ஏற்ற, சிறைகளுக்கான மண்டேலா விதிகளில் 74-ஆவது விதியே சொல்கிறது. அதைக் காட்டினால் லீவு கிடைத்துவிடாது. ஆனாலும் கேட்கும்போது தலை குனியாது.

இந்த வேலையில் திருப்தியா? கையெழுத்துப் போடத் தெரியாத ஒருவனுக்கு அவன் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்துப் பாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராவிட்டால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், காசில்லை, தமிழிலேயே பேசலாம். அது வந்தது 2022-ல். எங்கள் காலத்தில் குவார்ட்டர்தான் இருந்தது.