பில்லிங்கைக் கொடுங்கள், கிளினிக்கை அல்ல
அமெரிக்காவில் பிசியோதெரபி கிளினிக் நடத்துபவர்களுக்கு இன்சூரன்ஸ் பேப்பர்தான் பெரிய தலைவலி. மெடிகேரில் (முக்கியமாக முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ்) நிமிடம் பார்த்துச் செய்யும் சிகிச்சைக்கு 8 நிமிடம் ஆனால்தான் ஒரு யூனிட் (பில் போடும் அளவு), இரண்டு யூனிட்டுக்கு 23 நிமிடம். 22 என்று குறித்தால் ஒரு யூனிட் பணம்தான் வரும். இந்தக் கணக்கு, முன் அனுமதி, திரும்பிவந்த பில்லை மறுபடி அனுப்புவது எல்லாவற்றையும் ஒரு நிர்வாக நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து அவர்கள் தலையில் கட்டிவிடலாம்.

ஆனால் அவசரம் வேண்டாம். முதலில் ஒரு வாரம், எந்த வேலை எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று நோட்டில் குறியுங்கள்; அதிகம் தின்பதை மட்டும் கொடுங்கள். வசூலில் சதவீதம் கேட்பார்கள், நியூயார்க்கில் அதற்குத் தடை இருக்கிறது, அதனால் உள்ளூர் வக்கீலைக் கேட்டுவிடுங்கள். அப்புறம், பிரிந்தால் நோயாளிப் பதிவுகள் யாரிடம்? அதை எழுத்தில் வாங்குங்கள்.