கூடைப்பந்தில் ஃப்ரீ த்ரோ வாய்ப்பைக் கூட்டுவது எப்படி

ஆனி பிறந்து செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கிவிட்டால், தென்காசி, கடையம், ஆலங்குளம் பக்கத்துத் திறந்தவெளி கோர்ட்டுகளில் த்ரீ பாயிண்ட் ஆட்டம் பாதி செத்துப்போகும். 6.75 மீட்டரிலிருந்து கிளம்பிய பந்து ரிங்குக்கு வருவதற்குள் காற்று அதைத் தள்ளிவிடும். ராதாபுரம், வள்ளியூர் பக்கம் ஆரல்வாய்மொழிக் காற்று. அங்கும் இதே பாடுதான். அந்த மாதங்களில் ரிங்குக்குக் கீழே போய் ஆடத் தெரிந்த அணிக்குத்தான் பாயிண்ட் விழும். கீழே போனால் டிஃபெண்டரின் இடி விழும், அந்த இடிக்கு ஃபவுல் ஊதினால் ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று போடும் ஒரு பாயிண்ட் ஷாட். அதை வாங்கத் தெரிந்து வைத்திருப்பது காற்றில்லாத மாதங்களிலும் உதவும்.

கணக்கு எளிது. கோட்டில் 60 சதவீதம் போடுகிற பையனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தால் சராசரி 1.2 பாயிண்ட். வெளியிலிருந்து 40 சதவீதம் போடும் டூ பாயிண்ட் ஷாட்டுக்கு 0.8தான். இதோடு எதிரணி ஆளுக்கு ஒரு ஃபவுல் ஏறுகிறது. ஐந்து ஏறினால் அவர் வெளியே. கடிகாரமும் நிற்பதால் நம் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கிறது.

எந்த ஃபவுலுக்கு எத்தனை

ஷாட் போடும்போது ஃபவுல் நடந்து பந்து உள்ளே போனால், அந்தப் பாயிண்டோடு ஒரு த்ரோ. போகவில்லை என்றால் இரண்டு; த்ரீ பாயிண்ட் முயற்சியாக இருந்தால் மூன்று. ஷாட் இல்லாத சாதாரண ஃபவுலுக்கு சைடு பால் (கோர்ட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே எறிவது) மட்டும்தான், அதுவும் எதிரணி அந்தக் குவார்ட்டரில் நான்கு ஃபவுலைத் தொடும் வரை. ஐந்தாவதிலிருந்து, டிரிபிள் செய்கிறவனை (பந்தைத் தரையில் தட்டியபடி போகிறவனை) தட்டினாலும் இரண்டு த்ரோ. பந்து நம் கையில் இருக்கும்போது நாம் செய்யும் சாதாரண ஃபவுலுக்கு மட்டும் எதிரணிக்கு எப்போதும் த்ரோ கிடையாது.

இந்த நான்கு என்ற எண்ணைப் பல அணிகள் கவனிப்பதே இல்லை. 10 நிமிடக் குவார்ட்டரில் எதிரணிக்கு முதல் 4 நிமிடத்திலேயே நான்கு ஃபவுல் ஏறிவிட்டால், மீதி 6 நிமிடமும் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டுதான் டிஃபென்ஸ் ஆட வேண்டும். அதனால் ஒவ்வொரு குவார்ட்டரின் தொடக்கத்திலும் முதல் ஐந்தாறு அட்டாக்கில் பந்து கட்டாயம் பெயிண்டை (ரிங்குக்கு முன்னாலுள்ள செவ்வகக் கட்டத்தை) தொட வேண்டும் என்று விதி வையுங்கள். குவார்ட்டர் மாறினால் எண்ணிக்கை மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஓவர்டைமில் மட்டும் நான்காவது குவார்ட்டரின் கணக்கே தொடரும். ஸ்கோர் டேபிளில் எதிரணி பெஞ்சை ஒட்டிய முனையில் நான்கு ஃபவுல் ஆனதைக் காட்டும் சிவப்பு மார்க்கர் ஏறிவிட்டதா என்று பார்த்துச் சொல்ல பெஞ்சில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். ஏறிய அடுத்த நிமிடமும் நம் பிள்ளைகள் வெளியே நின்று பாஸ் பரிமாறிக்கொண்டிருந்தால், கையில் கிடைத்ததைக் கொட்டியது போல.

இரண்டு கால் நிறுத்தம்

இதற்குத்தான் பயிற்சி நேரத்தில் பாதியைக் கொடுக்க வேண்டும். நம் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் டிரைவ் போய் (பந்தைத் தட்டிக்கொண்டு ரிங்கை நோக்கிப் பாய்ந்து), ஒற்றைக் காலில் எழும்பி, இடி வருவதைப் பார்த்ததும் உடம்பை விலக்கிப் பந்தை வீசுவார்கள். சிமெண்ட் தரையில் விழுந்து முட்டி கிழிந்த பயம் அது. குறை சொல்ல முடியாது. ஆனால் விலகினால் தொடுதல் லேசாகிவிடும், நடுவர் விசில் ஊத மாட்டார், ஷாட்டும் போகாது.

செய்ய வேண்டியது இது. கடைசி டிரிபிளை ஓங்கித் தரையில் அடித்து, பந்தை இரண்டு கையாலும் பிடித்தபடி, ரிங்குக்கு ஓர் அடி முன்னால் இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி நில்லுங்கள். முட்டி மடங்கியிருக்கட்டும். பந்து தாடைக்குக் கீழே, டிஃபெண்டருக்கு எட்டாத பக்கம். அங்கிருந்து பந்தை நெற்றி வரைக்கும் மட்டும் தூக்கி ஏமாற்றுங்கள். முட்டி நிமிரக் கூடாது. நிமிர்ந்துவிட்டால் எழும்ப மிச்சம் எதுவும் இருக்காது. டிஃபெண்டரின் கால் தரையை விட்டதும், நெஞ்சு ரிங்கைப் பார்த்தபடி நேர் மேலே எழும்பிப் போடுங்கள். இறங்கி வருகிற அவர் உங்கள் மேல் விழுவார்.

கால் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பந்தைப் பிடித்தபின் ஓர் அடி வைத்து, அதே காலில் எழும்பி இரு காலில் இறங்கினால் அப்புறம் பிவட் (ஒரு காலை ஊன்றி மறுகாலால் திரும்புவது) செய்ய முடியாது, செய்தால் டிராவல் என்ற கால் தப்பு. அங்கிருந்து எழும்பத்தான் வேண்டும்.

இன்னொன்று: டிரைவில் டிரிபிள் முடிந்து பந்து கையில் நின்று, போடும் அசைவு தொடங்கிய கணத்திலிருந்தே அது ஷாட் கணக்கு. அதற்குப் பிறகு அடி விழுந்தால் இரண்டு த்ரோ. அடி பட்டதும் பயந்து பக்கத்து ஆளுக்குப் பாஸ் கொடுத்துவிட்டால் விதிப்படி அது ஷாட் இல்லை; ஐந்தாவது ஃபவுலுக்கு முன் என்றால் சைடு பால்தான். இப்படி வீணாகும் த்ரோக்கள் ஏராளம். "ஏலே, அடி வாங்கினா போட்டு முடிலே!" என்று பயிற்சியிலேயே கத்திப் பழக்குங்கள்.

இடிக்குப் பழக்க விலை உயர்ந்த பேட் தேவையில்லை. பழைய துணி அடைத்த பள்ளிப் பை ஒன்று போதும். ரிங்குக்கு அடியில் ஒருவர் அதைப் பிடித்து நின்று, எழும்புகிறவரின் தோளிலும் இடுப்பிலும் அழுத்த வேண்டும், முகத்தில் கூடாது. இடது வலது இரு பக்கமும் பத்துப் பத்து. தொடங்கும் முன் கோர்ட்டைக் கூட்டிவிடுங்கள். தேரி மண் பரவிய சிமெண்டில் இரு கால் நிறுத்தம் வழுக்கும், கணுக்கால் போகும்.

ஜோன் டிஃபென்ஸுக்கு எதிராக

பள்ளி ஆட்டங்களில் 2-3 ஜோன் (முன்னால் இருவர், பின்னால் மூவர் நின்று ஆளுக்கொரு இடத்தைக் காப்பது) போட்டு உள்ளே கூட்டமாக நிற்பார்கள். டிரிபிள் போட்டு நேராக மோதினால் சார்ஜ்தான், அதாவது நம் பக்கமே ஃபவுல். பந்தை ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுவில் ஓடிவந்து நிற்கும் ஆளுக்குக் கொடுங்கள். அவர் திரும்பி ரிங்கைப் பார்த்த உடனே பின்வரிசையின் நடு ஆள் மேலே வர வேண்டியிருக்கும். அப்போது போர்டுக்குப் பக்கவாட்டில் பேஸ்லைன் (ரிங்குக்குப் பின்னாலுள்ள எல்லைக் கோடு) ஓரம் காத்திருக்கும் நம் ஆளுக்கு ஒரு பாஸ். உதவிக்கு ஓடிவரும் டிஃபெண்டர் தாமதமாகவே வருவார். தாமதமாக வருகிறவர்தான் கையை வீசுவார்.

அட்டாக் ரீபவுண்ட், அதாவது நம் ஷாட் போகாமல் திரும்பும் பந்தை நாமே பிடிப்பது, இதைவிடச் சுலபமான வழி. பிடித்த பந்தைக் கீழே இறக்காமல் அப்படியே மீண்டும் எழும்புங்கள். ஒரு டிரிபிள் போட்டால் கூடக் குட்டையான ஆள் பந்தைத் தட்டிவிடுவார்.

யாரை நோக்கிப் போவது என்பதும் முக்கியம். முதல் பாதியிலேயே இரண்டு ஃபவுல் வாங்கியவர் எந்தப் பக்கம் நிற்கிறாரோ அந்தப் பக்கம் டிரைவ். டிஃபெண்டரின் முன்காலுக்கு வெளிப்பக்கமாகப் போனால் அவர் இடுப்பைத் திருப்ப வேண்டிவரும். திரும்பும்போதுதான் கை முன்னால் நீளும்.

எங்கே தப்பு நடக்கிறது

தாண்டிப் போகும்போது இடது கையால் டிஃபெண்டரை ஒதுக்குவது முதல் தப்பு. நடுவர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். அடுத்தது தோளை இறக்கி, இரு காலையும் ஊன்றி நேர் எதிரே நிற்கிறவரின் நெஞ்சில் இடிப்பது. ரிங்குக்கு அடியில் 1.25 மீட்டர் அரைவட்டத்துக்குள் நிற்கும் டிஃபெண்டர், எழும்பி வருகிறவரிடம் சார்ஜ் வாங்க முடியாது. ஆனால் பல கோர்ட்டுகளில் அந்தக் கோடே அழிந்திருக்கும், நம்பிப் போகாதீர்கள்.

ஏமாற்றிவிட்டுப் பக்கவாட்டில் டிஃபெண்டர் மேல் போய் விழுவதும், த்ரீ போடும்போது காலை முன்னால் நீட்டுவதும் நம் பக்கமே ஃபவுலாகத் திரும்பும். தொடாமலே அடிபட்டது போல் விழுந்து நடித்தால் டெக்னிக்கல் ஃபவுல் வரை போகும். அதற்கு எதிரணிக்கு ஒரு த்ரோ. தவிர, ஒருமுறை நடித்தவர் உண்மையாக அடிபடும்போது விசில் வர யோசிக்கும். நடுவரிடம் பேச வேண்டியது இருந்தால் கேப்டன் மட்டும், பந்து ஆட்டத்தில் இல்லாத நேரத்தில், மரியாதையாக.

கணக்கு வைப்பது, கோட்டில் போடுவது

ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் ஷீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணியின் ஃபவுல் கட்டங்களில் எழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாக 1, 2, 3 என்று இருக்கும். அதைக் கூட்டினால் நமக்குக் கிடைத்த த்ரோ எண்ணிக்கை ஏறக்குறைய வந்துவிடும். நம் பாயிண்ட் வரிசையில் கருப்புப் புள்ளிகள் எத்தனை என்று எண்ணினால் உள்ளே போனது எத்தனை என்று தெரியும். நான்கைந்து ஆட்டத்துக்கு இப்படி எழுதிவைத்தால் யாருக்கு இடி வாங்கத் தெரிகிறது, யாருக்குத் தெரியவில்லை என்பது தானாக வெளிப்படும்.

கோட்டுப் பயிற்சியை ஒரே இடத்தில் நின்று ஐம்பது போட்டு முடிக்காதீர்கள். ஆட்டத்தில் பெரும்பாலும் மூச்சிரைக்க இரண்டு இரண்டாகத்தான் கிடைக்கும். கோர்ட்டை இருமுறை ஓடிவந்து இரண்டு த்ரோ, மறுபடி ஓட்டம்; இப்படிப் பத்து முறை. 5 விநாடிக்குள் போட வேண்டும், பந்து ரிங்கைத் தொடும் வரை கோட்டை மிதிக்கக் கூடாது. அதற்கு முன் டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள்: ரிங் உயரம் 3.05 மீட்டர், போர்டின் முகத்திலிருந்து கோட்டுக்கு 4.60 மீட்டர். பெயிண்டர் கண்ணளவில் கிட்டே போட்ட கோட்டில் பழகிய கை வெளியூர் கோர்ட்டில் குட்டையாகவே விழும்.

கடைசி 2 நிமிடத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும். நம் ஆள் சைடு பால் போட கோர்ட்டுக்கு வெளியே நின்று பந்தை இன்னும் விடாதபோது எதிரணியினர் உள்ளே நிற்கும் நம் ஆளைப் பிடித்தால், ஒரு த்ரோவும் மறுபடி நமக்கே பந்தும் கிடைக்கும். அந்த நேரத்தில் அணியிலேயே நன்றாக ஃப்ரீ த்ரோ போடுகிறவர்தான் பந்துக்காக ஓட வேண்டும். மற்றவர்கள் அவருக்கு ஸ்கிரீன் போட வேண்டும், அதாவது டிஃபெண்டரின் வழியை மறித்து நிற்க வேண்டும்.