ரெண்டாவது பாகம் வருதா? எதைத் தியேட்டர்ல பார்க்கலாம், எதை வீட்டுல பார்க்கலாம்னு முடிவு பண்றது எப்படி

2023 ஏப்ரல்ல பொன்னியின் செல்வன் ரெண்டாம் பாகம் வந்தப்போ பாட்டியையும் கூட்டிக்கிட்டு ஈப்போவுக்குப் போனோம். மொதல் பாகம் வந்த 2022 செப்டம்பர் கடைசில பாட்டி கண் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுல இருந்தாங்க, அதனால அதைப் பார்க்கவே இல்ல, அது எங்க யாருக்கும் ஞாபகம் வரல. படம் ஓட ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துலயே கேட்க ஆரம்பிச்சுட்டாங்க, "இது யாரும்மா, இவன் ஏன் அவன் மேல கோவமா இருக்கான், அந்த ஊமை அம்மாவும் இந்தப் பொண்ணும் ஒரே முகமா இருக்கே"ன்னு. நான் காதுல சொல்லிக்கிட்டே வந்தேன். முன்னாடி உட்கார்ந்திருந்தவரு ரெண்டு தடவ திரும்பிப் பார்த்தாரு. அதுக்கப்புறம் பாட்டி ஒண்ணுமே கேட்கல, என் கையைப் பிடிச்சுக்கிட்டு கடைசி வரைக்கும் சும்மா உட்கார்ந்துட்டாங்க. திரும்பி வர்றப்போ கார்ல மெதுவா சொன்னாங்க, "படம் நல்லாத்தான் இருந்துச்சு, யாரு யாருன்னுதான் தெரியல."

அது இன்னிக்கு வரைக்கும் மனசுல உறுத்துது. நாங்க இருக்கிறது மலேசியாவுல சுங்கை சிப்புட்ல, தியேட்டருக்குப் போகணும்னா ஈப்போவுக்கு முப்பது கிலோமீட்டர் கிட்ட போகணும், நாலு பேர் போனா டிக்கெட், பெட்ரோல், சாப்பாடுன்னு 120 வெள்ளிக்கு (ரிங்கிட்) கொறையாம ஆயிடும். வருஷத்துக்கு மூணு நாலு தடவதான் போவோம், அந்த மூணு நாலு தடவயும் சரியா அமையணும்ல. அதுக்கப்புறம்தான் நான் ஒரு முறை வச்சுக்கிட்டேன், இப்போ ரெண்டு வருஷத்துக்கு மேல அப்படித்தான் பண்றேன். "பாகம் 2"ன்னு போஸ்டர் பார்த்தா ஒண்ணுமே புரியாம முழிக்கிறவங்களுக்காக எல்லாத்தையும் ஒண்ணொண்ணா சொல்றேன்.

மொதல் வேலை: ஒரு நோட்டுப்புத்தகம் எடுங்க

போன்ல எழுதாதீங்க, வீட்டுல எல்லாரும் பார்க்கணும், பெரியவங்களும் பார்க்கணும். எங்க வீட்டுல தங்கச்சி மகனோட பழைய ஸ்கூல் நோட்டுதான், பின் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சிருக்கேன், பிரிட்ஜ் மேல இருக்கும். நாலு கட்டம் போடுங்க. படத்தோட பேரு, மொதல் பாகம் வந்த வருஷம், ரெண்டாவது வர்ற தேதி, நாலாவது கட்டத்தைக் காலியா விட்டுருங்க, அது கடைசில.

தேதியை மட்டும் பென்சில்ல எழுதுங்க. இதை ரொம்ப முக்கியமா சொல்றேன், ஏன்னா தேதி மாறும். அவெஞ்சர்ஸ் டூம்ஸ்டே 2026 மே 1னு சொல்லியிருந்தாங்க, அப்புறம் 2026 டிசம்பர் 18க்குத் தள்ளிட்டாங்க. அவ்வளவு பெரிய கம்பெனியே ஏழு மாசம் தள்ளுது, தேதியைப் பார்த்த உடனே லீவு போட்டு வச்சுடாதீங்க. டைரக்டரோ படக் கம்பெனியோ அவங்க சொந்தப் பக்கத்துல சொன்ன தேதியை மட்டும் எழுதுங்க. வாட்ஸ்அப்ல சுத்துற போஸ்டர்ல பாதி ரசிகர்கள் அவங்களே பண்றது, பார்க்க அசலா இருக்கும், கீழ கம்பெனி பேரு கூட இருக்கும், ஆனா அப்படி ஒரு படமே ஆரம்பிச்சிருக்க மாட்டாங்க.

அடுத்தது: இது எந்த மாதிரி ரெண்டாவது பாகம்னு கண்டுபிடிங்க

இதுதான் பெரிய வேலை. இது தெரிஞ்சுட்டா பாதி முடிவு தானா வந்துடும். எல்லா "2"ம் ஒண்ணு இல்லீங்க, என் கணக்குல அஞ்சு விதம் இருக்கு.

சில படம் ஒரே கதைதான், ரெண்டா வெட்டி வச்சிருப்பாங்க. பாகுபலி 2015ல வந்து, கட்டப்பா ஏன் அப்படி பண்ணாருன்னு தெரிஞ்சுக்க 2017 வரைக்கும் காத்திருந்தோமே, அது இந்த ரகம். பொன்னியின் செல்வன், கேஜிஎஃப், விடுதலை எல்லாம் இப்படித்தான். விடுதலைல மொதல் பாகம் சூரி கண்ணு வழியா போகும், ரெண்டாவதுல வாத்தியார் கதை வரும், மொதல் பாகத்தை விட்டுட்டா வாத்தியார் மேல நமக்கு வர வேண்டிய அந்த மரியாதை வராது. இந்த ரகப் படத்துக்கு மொதல் பாகம் பார்க்காதவங்களைக் கூட்டிக்கிட்டுப் போகவே கூடாது. நான் பாட்டிக்குப் பண்ணது அதுதான்.

இன்னொண்ணு, ஆளு அதே ஆளு, கதை புதுசு. சிங்கம் மாதிரி. 2010, 2013, 2017னு மூணு வந்துச்சு, துரைசிங்கம் யாருன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். இந்தியனும் இதுதான், 1996ல வந்தது, ரெண்டாவது 2024ல, நடுவுல 28 வருஷம். தாத்தா யாரு, ஏன் லஞ்சம் வாங்குறவங்கமேல அவ்வளவு கோவம்னு அஞ்சு நிமிஷம் சொன்னா புதுசா பார்க்கிற பிள்ளைங்களுக்கும் புரிஞ்சுடும்.

மூணாவது, பேரு மட்டும்தான் ஒட்டு. அரண்மனை நாலு பாகம் வந்தாச்சு, நாலாவது 2024 மே மாசத்துல வந்துச்சு. எதை வேணா மொதல்ல பார்க்கலாம், ஒரு பெரிய வீடு, ஒரு பேய், அதுக்கு ஒரு பழைய கதை, அது ஒவ்வொண்ணுலயும் தனியா இருக்கும். திடீர்னு முடிவு பண்ணி கிளம்புற நாளுக்கு இதுதான் நல்லது.

அப்புறம் முன்கதை. பேருல 2 இருக்கும், ஆனா கதை மொதல் படத்துக்கு முன்னாடி நடக்கும். 2007ல நம்ம மலேசியாவுல எடுத்த பில்லாவைப் பார்த்திருப்பீங்க, 2012ல வந்த பில்லா 2 அந்த ஆளு எப்படி டான் ஆனான்னு சொல்ற கதை. காந்தாராவும் அப்படித்தான், 2022ல மொதல் படம், 2025 அக்டோபர்ல வந்த சாப்டர் 1 அதுக்கு ரொம்ப காலம் முன்னாடி நடக்கிற கதை. இதுல நிறைய பேர் குழம்புறாங்க, "சாப்டர் 1 இப்பத்தானே வருது, அப்போ நான் பார்த்தது என்ன"ன்னு என் கூட வேலை செய்ற அக்கா கேட்டாங்க. பேருல இருக்கிற நம்பரை நம்பாதீங்க. வீர தீர சூரன்ல ரெண்டாம் பாகத்தைத்தான் மொதல்ல விட்டாங்க, 2025 மார்ச்ல, அதுக்கு நீங்க மொதல் பாகத்தைத் தேடி அலைய வேண்டியது இல்ல.

கடைசி விதம், தனித்தனிப் படம் ஆனா உள்ளுக்குள்ள கோர்த்திருப்பாங்க. கைதி 2019, விக்ரம் 2022, லியோ 2023. விக்ரம் கடைசில ரோலக்ஸ்ங்கிற வில்லன் முன்னாடி கூட்டமா நிக்கிறாங்கல்ல, அதுல அடைக்கலமும் அன்பும் கைதியில வந்தவங்க, லியோவுல வர்ற கான்ஸ்டபிள் நெப்போலியனும் கைதில இருந்து வந்தவருதான். தெரியாமப் பார்த்தாலும் படம் புரியும், தெரிஞ்சு பார்த்தா தியேட்டர்ல நீங்களும் கத்துவீங்க, அவ்வளவுதான் வித்தியாசம், ஆனா அந்தச் சந்தோஷம் சின்னது இல்ல.

நோட்டுல படத்து பேருக்குப் பக்கத்துல இந்த விதத்தையும் சின்னதா எழுதிடுங்க.

மூணாவது வேலை: மொதல் பாகத்தைத் திரும்பப் பாருங்க, எல்லாரும் சேர்ந்து

ரிலீசுக்கு ரெண்டு வாரம் முன்னாடி வச்சுக்கோங்க. முந்தின நாள் ராத்திரி உட்காராதீங்க, மூணு மணி நேரம் பார்த்துட்டு மறுநாள் இன்னொரு மூணு மணி நேரம்னா பெரியவங்களுக்கு முடியாது. டிவியில அஸ்ட்ரோ வெள்ளித்திரை சேனல்ல போடுறாங்களான்னு பாருங்க, இல்லன்னா ஓடிடில தேடுங்க.

நாங்க எப்படி பண்றோம்னா, சனிக்கிழமை ராத்திரி பாசார் மாலாம் (ராத்திரிச் சந்தை) போயிட்டு அப்பம், சாத்தே எல்லாம் வாங்கிட்டு வந்து உட்காருவோம். பக்கத்துல ஒரு தாள் வச்சுக்கிட்டு நான் பேரு எழுதுவேன். பெரிய எழுத்துல, பாட்டி படிக்கிற மாதிரி. விடுதலைக்கு எழுதுனது இன்னும் நோட்டுக்குள்ள இருக்கு, "குமரேசன், ஜீப் ஓட்டுறவன், நல்ல பையன். பெருமாள், வாத்தியாரு. தமிழரசி, குமரேசனுக்குப் புடிச்ச பொண்ணு." மொத்தமே ஆறு வரி. ரெண்டாவது பாகத்துக்கு ஈப்போ போறப்போ பாட்டி அந்தத் தாளை மடிச்சுக் கைப்பையில வச்சுக்கிட்டாங்க. கார்லயே ரெண்டு தடவ எடுத்துப் பார்த்தாங்க. படம் முடியுற வரைக்கும் ஒரு கேள்வி கேட்கல, இந்தத் தடவ தெரிஞ்சதால கேட்கல.

பாட்டிக்குப் படம்னா அவ்வளவு உசுரு. ரப்பர் தோட்டத்துல இருந்த காலத்துல சம்பளம் போட்ட வாரம் தெடல்ல வெள்ளத் துணி கட்டிப் படம் போடுவாங்களாம், லயத்துல இருந்து பாயைத் தூக்கிக்கிட்டு சாயங்காலமே போய் இடம் புடிச்சுடுவாங்களாம், மறுநாள் விடியுறதுக்கு முன்னாடி பால் மரம் வெட்டப் போகணும், இருந்தாலும் கடைசி வரைக்கும் பார்த்துட்டுத்தான் எந்திரிப்பாங்களாம். அப்படிப் பார்த்தவங்களை ஒண்ணும் புரியாம உட்கார வச்சுட்டேனேன்னுதான் எனக்கு வருத்தம்.

ஒரு விஷயம், திரும்பப் பார்க்கிறப்போ உங்களுக்கே பாதியில போரடிச்சா அதையும் கவனிங்க. மொதல் பாகத்தையே முழுசா உட்கார்ந்து பார்க்க முடியலன்னா ரெண்டாவதுக்கு 120 வெள்ளி எதுக்கு.

நாலாவது: யாரு எடுக்கிறாங்கன்னு பாருங்க

ஹீரோ அதே ஆளுன்னா போதும்னு நெனைக்கிறோம், போதாது. வேலையில்லா பட்டதாரி 2014ல வேல்ராஜ் டைரக்ஷன், அனிருத் பாட்டு. 2017ல வந்த ரெண்டாவது சௌந்தர்யா ரஜினிகாந்த் டைரக்ஷன், பாட்டு ஷான் ரோல்டன். ஹீரோ தனுஷ்தான், ஆனா சமைக்கிற கை மாறிடுச்சு. சந்திரமுகில தலைகீழ், 2005லயும் 2023லயும் டைரக்டர் பி. வாசுதான், ஆனா ரஜினி இல்ல, லாரன்ஸ். மாறுனா நல்லா இருக்காதுன்னு நான் சொல்லல. ஆனா மொதல் பாகத்துல உங்களுக்கு எது புடிச்சுச்சோ அந்த ஆளு இதுல இருக்காரான்னு பார்த்துக்கோங்க. பாட்டுக்காகப் போனவங்க பாட்டு போட்டவரு பேரைத் தேடுங்க, கதைக்காகப் போனவங்க டைரக்டர் பேரை.

டிரெய்லர் ஒரு தடவ பாருங்க, போதும். அதை நிறுத்தி நிறுத்தி அலசுற வீடியோவெல்லாம் வேணாம், படம் பார்க்கிற சந்தோஷத்தைப் பாதி அதுவே தின்னுடும்.

அஞ்சாவது: தூரம், நேரம், காசு

இது டவுன்ல தியேட்டர் இருக்கிறவங்களுக்கு அவ்வளவு வேண்டியதில்ல, நம்மள மாதிரி தோட்டத்துப் பக்கம் இருக்கிறவங்களுக்குத்தான். மொதல்ல படம் எவ்வளவு நேரம்னு பாருங்க. புஷ்பா 2 மூணு மணி இருபது நிமிஷம், ராத்திரி ஒன்பதரை ஷோ போனீங்கன்னா விளம்பரம், இடைவேளை எல்லாம் சேர்த்து ஒரு மணிக்கு மேல வெளிய வருவீங்க, அதுக்கப்புறம் பழைய ரோட்டுல லாரிக்கு நடுவுல வீட்டுக்கு ஓட்டணும். காலையில ஷிப்ட் இருக்கிறவங்க இதை யோசிக்கணும். பெரிய படம்னா நான் ஞாயித்துக்கிழமை காலையில மொத ஷோதான், பசியாறிட்டு கிளம்புனா மத்தியானத்துக்குள்ள வந்துடலாம்.

இங்க புதுப்படம் நிறைய வியாழக்கிழமை வந்துடும், இந்தியாவை விட நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடியே விடியுது, அதனால மொத நாள் மொத ஷோ பார்க்கிறவங்க சொல்றது நமக்குச் சீக்கிரமே வந்துடும். தெரிஞ்சவங்க ரெண்டு பேரு சொல்றதைக் கேளுங்க, உங்க ரசனை உள்ளவங்களா இருக்கணும். பிள்ளைங்க வர்றாங்கன்னா தணிக்கை வாரியம் போடுற வயசைப் பாருங்க, 18னு இருந்தா வாசல்லயே நிறுத்திடுவாங்க, அழுதுகிட்டு திரும்பி வரணும். ஆப்ல சீட்டு எடுக்கிறப்போ பெரியவங்களுக்கு வழி ஓரத்துல, படிக்கட்டு கொறைவா ஏறுற மாதிரி எடுங்க. கீழ மலாய் எழுத்து ஓடும், அதனால உங்க மலாய் பிரண்டையும் தாராளமா கூட்டிக்கிட்டு போகலாம்.

கடைசி: அந்த நாலாவது கட்டம்

இப்போ அதை நிரப்புங்க. மூணே வார்த்தைதான், "தியேட்டர்", "வீடு", "வேணாம்". ரெண்டா வெட்டுன கதை, மொதல் பாகம் எல்லாருக்கும் புடிச்சிருக்குன்னா தியேட்டர். பேரு மட்டும் ஒட்டுன படம்னா பெரும்பாலும் வீடு, நல்லா இருக்குன்னு நாலு பேரு சொன்னா அப்புறம் அழிச்சு மாத்திக்கலாம். சில படத்தோட தொடர்ச்சி வேற மொழியில இருக்கும், அதுவும் வீடுதான். 2015ல பாபநாசம் பார்த்துட்டு அப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்டவங்களுக்குத் தமிழ்ல ரெண்டாவது வரல, ஆனா அதோட மூலப்படம் மலையாளத் திருஷ்யம், அதுக்குத் திருஷ்யம் 2ன்னு 2021ல நேரா ஓடிடில வந்துச்சு, அதைப் போட்டுக் குடுத்தேன், அம்மா அசையாம பார்த்தாங்க.

எங்க நோட்டுல எழுதி வச்சிருக்கிறதைச் சொல்றேன். 2025 பொங்கலுக்கு அறிவிச்ச ஜெயிலர் 2க்கு தியேட்டர், அதே ஆளு புதுக்கதைன்னு நெனைக்கிறேன், ரஜினியைப் பெரிய திரையிலதான் பார்க்கணும்னு எங்க மாமா ஒத்த கால்ல நிக்கிறாரு. தனி ஒருவன் 2க்கு தியேட்டர், ஆனா பக்கத்துல ஒரு கேள்விக்குறி, மொதல் பாகத்துல அரவிந்த்சாமி இருந்த எடத்துல யாரு வந்து நிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சப்புறம்தான் அதை எடுப்பேன். கல்கி 2898 ஏடி படத்தோட அடுத்த பாகம் தியேட்டர், கமல் மொதல் பாகத்துல வந்ததே கொஞ்ச நேரம்தான், அவரு கதை இனிமேத்தான். காஞ்சனா 4 வீடு, தங்கச்சி மகன் அழுதா பார்க்கலாம்.

கைதி 2க்கு மட்டும் நான் எழுதல, பாட்டியே எழுதுனாங்க. போன மாசம் கைதியைத் திரும்பப் போட்டோம், ஹீரோ டில்லி அந்த லாரியை ஓட்டிக்கிட்டு போறதுல இருந்து ஆஸ்ரமத்துல அவனோட பிள்ளை காத்துக்கிட்டு இருக்கிறது வரைக்கும் பாட்டி கண்ணை எடுக்கல. முடிஞ்சதும் நோட்டைக் கேட்டு வாங்கி, நடுங்குற கையால "தியேட்டர்"னு எழுதிட்டு, அந்தப் படம் எந்த வருஷம் வந்துச்சுன்னு என்கிட்ட கேட்டாங்க. 2019னு சொன்னேன். வெரல் விட்டு எண்ணிப் பார்த்துட்டு, "அப்போ அந்தப் பிள்ளை இந்நேரம் நல்லா வளர்ந்திருக்கும்ல"ன்னாங்க.