பழைய மோட்டார் சைக்கிளின் காணாமல் போன சின்னச் சாமான்கள்: அளக்கும்போது நடக்கும் தவறுகள்

அண்மையில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி, அவருடைய அம்மப்பாவின் பிஎஸ்ஏ பேண்டம் மோட்டார் சைக்கிளை லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வருடக்கணக்காய் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்த வண்டி. எஞ்சின், தாங்கி, சில்லு எல்லாம் இருந்தன. இல்லாதவை சின்னச் சாமான்கள்தான்: மூடியின் திருகாணிகள், ஒரு ஸ்பேசர் (இரண்டு பாகங்களை விலக்கி நிறுத்தும் குழாய்), லீவரின் முள்ளாணி, இரண்டு மூன்று நட்டுகள்.

"எல்லாத்தையும் அளந்திட்டன் அண்ணன்" என்று ஒரு கொப்பித் தாளை நீட்டினார். முதல் வரி: "மூடி ஆணி, 6 மி.மீ." அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு பகீரென்றது. நான் முதன்முதல் ஒரு பேண்டத்தைப் பிரித்தபோது இதே வரியைத்தான் எழுதினேன்.

வேணியர் என்ற அளவுகருவியின் பூச்சியத்தைச் சரிபார்க்காதது, அளவை எழுதிவைக்க மறப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை ஒரு கிழமைப் பழக்கத்தில் சரியாகிவிடும். பணத்தையும் எஞ்சினையும் தின்னும் தவறுகள் வேறு.

விட்டத்தை அளந்துவிட்டு மரையை ஊகிப்பது

எனக்கு இன்றும் கோபம் வருவது இதற்குத்தான்.

பேண்டம் 1948 முதல் 1971 வரை வந்த வண்டி. அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளில் மரைகள், அதாவது ஆணியிலும் துளையிலும் வெட்டியிருக்கும் திருகு வரிகள், பெரும்பாலும் அங்குலக் கணக்கு. அதிலும் ஒரே குடும்பம் இல்லை. விற்வர்த், பிஎஸ்எஃப், சைக்கிள் மரை என்று ஒரே எஞ்சினில் கலந்திருக்கும். விற்வர்த்துக்கும் பிஎஸ்எஃபுக்கும் மரையின் கோணம் 55 பாகை, சைக்கிள் மரைக்கு 60 பாகை.

ஐந்தின்கீழ் பதினாறு (5/16) அங்குல ஆணி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விட்டம் 7.94 மி.மீ. விற்வர்த் என்றால் அங்குலத்துக்கு 18 மரை, பிஎஸ்எஃப் என்றால் 22, அமெரிக்க வழி வந்த யூஎன்எஃப் என்றால் 24, சைக்கிள் மரை என்றால் 26. நான்குக்கும் விட்டம் ஒன்றுதான். வேணியர் நான்குக்கும் ஒரே பதிலைத்தான் தரும். அந்தப் பதிலைப் பார்த்துவிட்டு "எட்டு மி.மீ. போல" என்று கடைக்குப் போகிறோம்.

எட்டு என்றாலும் பரவாயில்லை. சாதாரண 8 மி.மீ. ஆணியில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி 1.25 மி.மீ. சைக்கிள் மரைத் துளையில் ஒரு சுற்றிலேயே மாட்டி நின்று எச்சரித்துவிடும். கால் அங்குலத் துளைதான் ஆளை ஏமாற்றும். 26 மரை உள்ள கால் அங்குலத் துளையை உள்ளே அளந்தால் 5.3 மி.மீ. அளவில் வரும். மெற்றிக் பழக்கத்தில் உள்ளவருக்கு அது 6 மி.மீ. ஆணியின் துளை மாதிரித் தெரியும். அங்குலத்துக்கு 26 மரை என்றால் இடைவெளி 0.977 மி.மீ. 6 மி.மீ. ஆணியின் இடைவெளி 1 மி.மீ. வித்தியாசம் மிகக் கொஞ்சம். கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. ஆகையால் 6 மி.மீ. ஆணி மெலிந்தது, தடையே இல்லாமல் விரலாலேயே உள்ளே போய்விடும். கொஞ்சம் ஆடும். இறுக்கினால் இறுகுவது போலவும் இருக்கும். ஆனால் அலுமினிய மரையின் நுனியை மட்டும்தான் அது பிடித்துக்கொண்டிருக்கும்.

அப்படித்தான் நான் மூடியைப் பூட்டினேன். கல்லடியிலிருந்து கல்முனை வரை ஏறத்தாழ 40 கிலோமீற்றர். போய் இறங்கும்போது ஆணி தளர்ந்திருந்தது. இறுக்கினேன். அடுத்த ஓட்டத்தில் மறுபடியும் தளர்ந்தது, இன்னும் பலமாக இறுக்கினேன். நாலாவது முறை ஆணி சும்மா சுற்றியது. வெளியே எடுத்தபோது அதன் பள்ளங்களில் அலுமினியம் சுருள் சுருளாய்ச் சுற்றியிருந்தது. எழுபது வருடம் தாங்கிய மரையை நான் ஒரு மாதத்தில் உரித்துவிட்டேன்.

லேத் பட்டறைக் காக்கா அந்தத் துளையைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "உள்ளுக்கு எத்தின மரை எண்டு ஆரு தம்பி எண்ணிப் பாத்த?" ஒருவரும் எண்ணவில்லை. எஞ்சினை இறக்கி, முழுதாகப் பிரித்து, துளையைப் பெருப்பித்து, உள்ளும் புறமும் மரை வெட்டிய ஒரு குழாயைக் கடைந்து இறக்க வேண்டியதாயிற்று. 26 மரை வெட்டும் டேப் தேடியே நாலு மாதம் போனது.

சரி, ஆணியே இல்லாதபோது மரையை எப்படி எண்ணுவது? துளையை மண்ணெண்ணெயால் கழுவிக் காயவிடுங்கள். ஒரு பென்சிலைத் துளையைவிட மயிரளவு தடிப்பாகச் சீவி, நேராகப் பிடித்து மெதுவாகத் திருகி இறக்குங்கள். மென்மையான மரமாகையால் மரையின் தடம் அதில் விழும். திருகியே வெளியே எடுத்து, அரை அங்குலத்துக்குள் எத்தனை தடம் என்று எண்ணுங்கள். 13 என்றால் அங்குலத்துக்கு 26. பிட்ச் கேஜ் (மரையோடு பொருத்திப் பார்க்கும் பல் தகடுகள்) இருந்தால் அதே தடத்தில் வைத்துப் பார்க்கலாம், அங்குலத் தகடுகளும் உள்ள கேஜாக இருக்க வேண்டும். கால் அங்குலத்தில் இன்னொரு சிக்கல் உண்டு: பிஎஸ்எஃபும் 26, சைக்கிள் மரையும் 26. கோணம்தான் பிரித்துக் காட்டும். அதைப் பென்சில் காட்டாது. அளவு தெரிந்த பழைய ஆணிகள் சிலவற்றைப் பெயரெழுதி ஒரு ரின்னில் வைத்திருங்கள். அவற்றை விரலால் போட்டுப் பார்க்கலாம். இறுக்கும் சாவியைத் தொடவே வேண்டாம்.

"என்னிடம் இருப்பது பழைய ஹொண்டா, எல்லாம் மெற்றிக்தான்" என்பவர்களும் கவனியுங்கள். 1960களின் பிற்பகுதி வரை வந்த ஜப்பானிய வண்டிகளில் 5 மி.மீ. ஆணியின் மரை இடைவெளி 0.9, இன்று கடையில் கிடைப்பது 0.8. 4 மி.மீ. ஆணியில் அப்போது 0.75, இப்போது 0.7. இரண்டு மூன்று சுற்றுப் போய் நிற்கும். அங்கேயே நிறுத்துங்கள்.

தேய்மானத்தையும் சேர்த்து நகலெடுப்பது

பழைய முள்ளாணியை நடுவில் அளந்தால் 9.4 என்று காட்டும். லேத்காரரும் 9.4க்குக் கடைந்து தருவார். புதிய ஆணி முதல் நாளே ஆடும். ஆணியின் முனையில், வொஷருக்கு அடியில் உராயாமல் இருந்த இடத்தை அளந்து பாருங்கள், 9.52 வரும். அதுதான் மூன்றின்கீழ் எட்டு (3/8) அங்குலம். இங்கிலாந்து வண்டியில் விசித்திரமான மில்லிமீற்றர் வந்தால், பக்கத்தில் எந்த அங்குலப் பின்னம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தகட்டுக்கும் அப்படித்தான். 1.63 மி.மீ. தடிப்பு என்பது இங்கிலாந்துத் தகட்டு எண்ணில் 16ஆம் கேஜ், 2.03 என்பது 14ஆம் கேஜ்.

சின்னத் துளைக்கு வேணியரை நம்புவது

உள்தாடைகளின் விளிம்பு தட்டையானது. வளைந்த சுவரில் அது முழுதாக உட்காராது, ஆகவே துளை உள்ளதைவிடச் சிறிதாகக் காட்டும். துளைப்பான் அலகுகளின் வழவழப்பான தண்டை ஒவ்வொன்றாய் நுழைத்துப் பாருங்கள். எது போகிறது, எது போகவில்லை என்பதற்கு நடுவில்தான் உண்மை அளவு.

ஸ்பேசரின் நீளத்தைக் கண்ணால் பார்த்து முடிவெடுப்பது

சில்லின் இரண்டு பேரிங்குகளுக்கு நடுவில் வரும் குழாய் காணாமல் போயிருந்தால், பேரிங் உட்காரும் படிகளுக்கு இடையிலான தூரத்தை அளக்க வேண்டும். குழாய் குறைந்தால் அச்சை இறுக்கும்போது பேரிங்கின் உள்வளையங்கள் உள்ளே இழுபடும். சில்லு கனமாகச் சுற்றும், பேரிங் சூடாகிச் சீக்கிரம் போய்விடும்.

மூலப் பாகத்தையே அச்சாக வைத்து வார்ப்பது

அலுமினியம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றேகால் அளவு சுருங்கும். 100 மி.மீ. மூடி, ஒரு மி.மீட்டருக்கு மேல் குறைந்து வரும். அப்புறம் ஆணித் துளை ஒன்றும் நேரே நிற்காது.

துருவின் மேல் அளப்பது

இது உப்புக்காற்று அடிக்கும் ஊர். சுரண்டிவிட்டு அளவுங்கள்.

பிறேக், ஸ்டியரிங் பாகங்களைக் கையில் கிடைத்த கம்பியில் கடைவது

வேண்டாம்.

ஒன்று மட்டும் செய்விப்பது

லேத்தில் அளவு கட்டியிருக்கும்போதே இரண்டாகக் கடைந்து வாங்கி, கொப்பியில் அளவோடு மரை எண்ணிக்கையையும் எழுதுங்கள். கொக்கட்டிச்சோலைத் தம்பியின் தாளில் முதல் வரி இப்போது "மூடி ஆணி, கால் அங்குலம், 26" என்று இருக்கிறது. மிச்சம் பதினோரு வரியை அவரே எண்ணிக்கொண்டிருக்கிறார்.